ஒரு மிடறு ஷிராஸ்

கோப்பையைத் தண்டில் பிடிக்கச் சொன்னார்கள். அவள் யாருடைய கழுத்தையோ பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள்.

மேசைமேல் வெள்ளைத் துணி. ஆளுக்கு மூன்று வெள்ளை ஒயின், மூன்று சிவப்பு. நடுவில், ருசி பார்த்ததும் துப்புவதற்கு ஒரு வாளி.

மதியக் கூட்டம் கலைந்த ஓட்டலில், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். மொட்டை மாடியில் புது உணவகம் திறக்கப் போகிறார்கள். திராட்சை இனங்களை வாசம் பிடித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே இடம். மற்றவர்கள் கீழேயே எச்சில் தட்டு எடுக்கலாம்.

மேனேஜர் இந்த வார்த்தைகளில்தான் சொன்னார்.

அவள் அதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை.

சொல்லிக் கொடுக்க வந்தவர் ரெஜினால்டு. நரைத்த தாடி. கழுத்தில் பட்டுத் துணி. மெதுவான பேச்சு. முதல் கோப்பையைச் சுழற்றினார். சோவின்யோன் ப்ளாங். அறுத்த புல் வாசம் வரும் என்றார். அடுத்தது ஷார்டனே. ஓக் பீப்பாயில் கிடந்திருந்தால் வெண்ணெய் மணக்கும். மூன்றாவது ரீஸ்லிங். எலுமிச்சை. வயது ஏறினால் லேசாக மண்ணெண்ணெய்.

எல்லோரும் முகர்ந்தார்கள். தெரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

அவளுக்கு நிஜமாகவே தெரிந்தது. புல் வந்தது. வெண்ணெய் வந்தது. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது.

இதைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேச முடியுமா?

அவள் வீட்டில் இதற்கு ஒரே பெயர்தான். தண்ணி. அப்பா தண்ணி போட்டுவிட்டுத் தெருமுனையில் கிடப்பார். சட்டையெல்லாம் வாந்தி. வெண்ணெய் மணக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனார்.

சிவப்புக்கு வந்தார்கள். கறுப்புத் திராட்சைக்கும் சாறு பெரும்பாலும் நிறமில்லாததுதான் என்றார் ரெஜினால்டு. தோலோடு ஊறினால்தான் சிவப்பு ஏறும். பினோ நுவாருக்கு மெல்லிய தோல், வெளிறிய நிறம். கேபர்நே சோவின்யோனுக்குத் தடித்த தோல். நாக்கு உலர்ந்துபோகும்.

அவள் வாயில் வைத்தாள். துப்பினாள். வாளியின் விளிம்பில் பட்டு வெள்ளைத் துணிமேல் தெறித்தது.

"மெதுவா, மெதுவா." ரெஜினால்டு சிரித்தார். "எதுக்கு இவ்ளோ பயம்? இது குடி இல்லம்மா. ரசனை."

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பாவும் ரசிச்சுத்தான் சார் குடிச்சாரு."

யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் தன் ஷூவைப் பார்த்தார். உடன் வேலை பார்க்கும் கலைவாணி அவள் முழங்கையைத் தொட்டாள். அவள் தட்டிவிட்டாள்.

ரெஜினால்டு கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். கடைசிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது எந்தத் திராட்சைன்னு நான் சொல்லல. நீங்க சொல்லுங்க, வினோதா."

முன்பே கொடுத்திருந்த தாளைப் பார்த்துக் காலையிலிருந்து இனங்களின் பெயரும் குணமும் ஒப்பித்தாகிவிட்டது. அவள் குனிந்து முகர்ந்தாள். கறுத்த பழம் ஏதோ. அதற்குப் பின்னால் மிளகு. இப்போதுதான் இடித்த மிளகு.

"ஷிராஸ்."

அவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"அருமையான மூக்கு உங்களுக்கு. எங்கேருந்து வந்துச்சு இது?"

எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். எட்டு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று பழகியது. அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன சரக்கு, எவ்வளவு என்று தெரிந்துவிடும். தூங்குகிற தம்பியை எழுப்பிப் பக்கத்து வீட்டுக்கு இழுத்துப் போவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு.

அதற்குத்தான் இந்தக் கைதட்டல்.

அவரை நேராகப் பார்த்தபடி கோப்பையை எடுத்தாள். ஒரு மிடறு. வாளியின் பக்கம் திரும்பவில்லை.

விழுங்கினாள்.

நன்றாக இருந்தது.

கோப்பையைச் சுவரில் எறியலாம்போல் இருந்தது. மேசைமேல் வைத்தாள்.

மாடிக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் கைகுலுக்கினார். கலைவாணி கட்டிப்பிடித்தாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பட்டுத் துணிமேல் கோபம். செத்துப்போன மனிதர்மேல் கோபம். நாக்கைவிட்டுப் போகாத மிளகின்மேல் கோபம். ஆனாலும் தெருவுக்குள் திரும்பியபோது நடையில் வேகம் கூடிவிட்டது. இனி எச்சில் தட்டு இல்லை. அதை வீட்டில் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்ந்திருந்தது. வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை.

அம்மா கதவைத் திறந்தாள்.

"மேல புது ரெஸ்டாரண்டுக்கு என்னை எடுத்துட்டாங்கம்மா!"

சொல்லிக்கொண்டே கட்டிக்கொள்ளப் போனாள். மூச்சு அம்மாவின் முகத்தில் பட்டது.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

ஒரு அடி பின்னால் போனாள். அம்மா நினைக்காமலே இடது கை, அடியைத் தடுப்பதுபோல், மேலே எழுந்து முகத்தை மறைத்தது.

"நான்தாம்மா," என்றாள் அவள். "அம்மா. நான்தான்."