மெட்டடாருக்கு மரியாதை

எதிரே வந்த மூன்றாவது லாரியும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. ரெஜிஸ் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து, லாரிக்காரருக்குப் பெருமையாக ஒரு சலாம் வைத்தார்.

“பார்த்தியா ஜென்சி, நம்ம மெட்டடாருக்கு என்ன மரியாதைன்னு!”

முப்பது வருஷத்துப் பழைய வேன். மங்கிப்போன பல்புகளைக் கழற்றிவிட்டு, அன்று காலையில்தான் தில்லை நகரில் எல்இடி மாட்டியிருந்தார். இருட்டத் தொடங்கிய முசிறி ரோடு, ஓரத்து வாழைத்தோப்போடு சேர்ந்து பட்டப்பகலாகத் தெரிந்தது.

“ஏங்க, எதிர்ல வண்டி வந்தா டிம் பண்ணுங்க. மெக்கானிக் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?” என்றாள் ஜென்சி.

“டிம் பண்றதுக்கா புது பல்பு போட்டேன்? நீ சும்மா வா.”

அடுத்த வளைவில் எதிரே வந்த ஒரு மொபெட் தள்ளாடித் தள்ளாடி, ஓட்டியவரோடு வாய்க்காலில் இறங்கியது. ரெஜிஸ் வேகத்தைக் குறைத்தார். ஆள் எழுந்து நிற்பது தெரிந்ததும் தலையை வெளியே நீட்டினார்.

“யோவ், கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு ஓட்டுய்யா!”

நிற்க அவருக்கு நேரமில்லை. வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்ற மகள் அனிஷா, வாய் திறந்து சரி என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை முசிறிக்காரர். இன்று அவர் வீட்டில் பேசி முடிக்க வேண்டும்.

சந்துக்குள் வேன் நுழையவில்லை. மாதா கோவில் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ரோசரி வாய் நிறைய வரவேற்று உட்காரவைத்தார்.

“அவரு உங்களுக்குக் காராசேவு வாங்கப் போனாரு. இந்தா வந்துருவாரு.”

வந்தார் மாப்பிள்ளையின் அப்பா அற்புதசாமி. வேட்டியெல்லாம் சேறு. கையில் காராசேவு பொட்டலம்.

“மன்னிச்சுக்கங்க, லேட்டாயிருச்சு. எவனோ மூஞ்சியில லைட்டை அடிச்சு வாய்க்கால்ல எறக்கி விட்டுட்டான். என்ன வண்டின்னே தெரியல. விழுந்தவனைத் தூக்காம திட்டிட்டு வேற போறான்!”

ரெஜிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜென்சி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் மகள் கல்யாணம் போச்சு, சொல்லாவிட்டால் நானெல்லாம் ஒரு மனுஷனா?

“அடப்பாவி! இப்படியும் இருப்பானுங்களா?” என்று வாய் முந்திக்கொண்டது.

துண்டால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த அற்புதசாமி, அந்தக் குரலைக் கேட்டதும் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

“ஆமா, நீங்க எதுல வந்தீங்க?”

“பஸ்லதாங்க.”

சொன்ன நிமிஷமே ரெஜிஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சிராய்த்த முழங்கையோடு அற்புதசாமியே காபி கொண்டுவந்து கொடுத்தபோது, டம்ளரை வாங்கி அப்படியே கையில் வைத்துக்கொண்டார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அற்புதசாமி மழை பற்றிப் பேசினார், வாழைத்தார் விலை பற்றிப் பேசினார். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. கேட்கிற தைரியம் ரெஜிஸுக்கும் வரவில்லை.

“அப்ப... போயிட்டு வரோங்க,” என்று தலையைக் குனிந்தபடியே எழுந்தார்.

வாசல் வரை வந்த அற்புதசாமி, அவர் தோளில் கை போட்டார்.

“லைட்டை டிம் பண்ணி பஸ்ஸை ஓட்டிட்டுப் போங்க, சம்பந்தி!”