டெல்பர்ட் எழுந்தால்

“அடுத்த பிரேக் எப்போ?” என்று லோவல் கேட்டதும் மேஜையே சிரித்துவிட்டது.

“பிரேக்கா? மணி அடிச்சாத்தான் வெளியே விடுவாங்கன்னு நெனச்சியா தம்பி? இதென்ன பள்ளிக்கூடமா?” என்றாள் பக்கத்து நாற்காலி ட்ரூடி. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள். குரலில் இன்னும் அந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. “இது டூர்னமெண்ட் இல்ல, கேஷ் கேம். பசிச்சாப் போய்ச் சாப்பிடு. அலுத்துப்போச்சுன்னா பந்தய வில்லையை எல்லாம் காசாக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ. கையைப் பிடிச்சு நிறுத்த இங்க யாருமில்ல.”

லோவலுக்கு அதுதான் பழக்கமில்லை. பன்னிரண்டு வருஷமாக லாஸ் வேகாஸில் டூர்னமெண்ட் போக்கர் சீட்டாட்டம் மட்டுமே ஆடியவன். அதில் எழுந்திருப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வில்லை தீர்ந்தால் அவர்களே வெளியே அனுப்பிவிடுவார்கள். தீராதவரை உட்கார்ந்தே ஆக வேண்டும். “நடுவுல எழுந்து வர முடியாது ஜனீன்” என்று சொல்லிச் சொல்லியே மனைவியின் பிறந்தநாள், கல்யாண நாள், மாமனாரின் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் டிமிக்கி கொடுத்திருந்தான்.

நேற்று ஜனீன் தன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

“இனிமே கேஷ் கேம்தான் ஆடப்போறேன். அதுல எப்ப வேணும்னாலும் எழுந்து வரலாம்” என்று கெஞ்சினான்.

“அப்படியா? நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில இரு. இருந்தா பெட்டியைப் பிரிக்கிறேன். இல்லேன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து கூப்பிடாதே.”

அவள் சொன்னால் செய்வாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது மணி ஐந்து. கொண்டுவந்த பணம் இரண்டு மடங்காகி எதிரே குவிந்திருந்தது. கிளம்பினால் அரை மணியில் வீடு. ஆனால் கால் எழவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது எப்படி என்று அவனுக்கு யாருமே சொல்லித்தந்ததில்லை.

“ட்ரூடி, நீங்க எப்போ எழுந்திருப்பீங்க?”

“முதுகு வலிச்சா.”

“ஜெயிச்சுக்கிட்டு இருந்தா?”

“ஜெயிச்சுக்கிட்டு இருந்தா முதுகு எங்க வலிக்குது?”

இவளிடம் கேட்டுப் பயனில்லை என்று எதிர் நாற்காலியைப் பார்த்தான். டெல்பர்ட் என்று சட்டையில் பேர் தைத்த ஒல்லி மனிதர். தொப்பியைக் கழற்றவில்லை, வாயைத் திறக்கவில்லை. சீட்டைப் பார்ப்பதும் மடக்கி வீசுவதுமாக இருந்தார். பெரிதாக ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை.

“அவரு யாரு?” என்று ட்ரூடியின் காதைக் கடித்தான்.

“தெரியல. நான் எப்ப வந்தாலும் அந்த நாற்காலியிலதான் இருப்பாரு. தினமும் வந்தும் இன்னும் காரை விக்காம இருக்காருன்னா பெரிய கைதான்!”

லோவலுக்கு யோசனை பளிச்சென்று வந்தது. எழுந்திருக்கத் தெரியாதவன், தெரிந்தவரைப் பார்த்து எழுந்தால் போயிற்று! டெல்பர்ட் எழுந்தால் நானும் எழுவேன் என்று முடிவு செய்தான். மனசு லேசாகிவிட்டது.

டெல்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். லோவல் கார்ச் சாவியைத் தொட்டான். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். லோவல் பாதி எழுந்தேவிட்டான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தொப்பியை மறுபடி மாட்டினார்.

‘இவர் எழவில்லை என்றால், இந்த மேஜையில் இன்னும் ஏதோ இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். டெல்பர்ட் அசையவில்லை. லோவலின் குவியல் மட்டும் கரைந்துகொண்டே வந்தது. ஆறு மணியும் ஆகிவிட்டது. போன் அதிர்ந்தது. ‘ஜனீன்’. கவிழ்த்து வைத்தான். அந்த மனிதர் எழட்டும், ஓடிப்போய்க் காலில் விழுந்தாவது சமாளித்துவிடலாம்.

“முதுகு வலி வந்துடுச்சுடா சாமி!” என்று ட்ரூடியும் எழுந்தாள். “தம்பி, உன் முகமே சரியில்ல. வீட்டுக்குப் போய்ச் சேரு.”

மேஜையில் இரண்டே பேர். சீட்டுப் போடும் பெண் கொட்டாவியை விழுங்கினாள். லோவல் கடைசி வில்லைகளைத் தள்ளினான். அவையும் டெல்பர்ட் பக்கம் போய்ச் சேர்ந்தன. மேலும் வாங்கப் பர்ஸைத் திறந்தவன், ஒரு கையால் போனைத் திருப்பினான்.

‘நான் கிளம்பிட்டேன். நீ ஆடு’ என்றிருந்தது.

எழுத்துகள் மங்கிப்போயின. கோபம் முழுவதும் எதிரே இருந்தவர் மேல் திரும்பியது.

“என்னய்யா மனுஷன் நீங்க? எல்லாரும் போயாச்சு. இந்த மேஜையில அப்படி என்னத்தைக் கண்டீங்க? நீங்க எழுந்ததும் எழுந்திருக்கலாம்னு சாயங்காலம் பூரா காத்துக்கிட்டிருக்கேன். என் குடும்பமே போச்சு!”

டெல்பர்ட் திகைத்துப்போனார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐயையோ, நான் சும்மா ஆட வந்தவன் இல்ல சார். ஆள் குறைஞ்சு மேஜை கலைஞ்சுடக் கூடாதுன்னு, இந்த கேசினோக்காரங்களே மணிக்கு இவ்வளவுன்னு சம்பளம் கொடுத்து என்னை இங்க உட்கார வச்சிருக்காங்க. ஒரே ஒருத்தர் ஆடிக்கிட்டு இருந்தாலும் நான் எழுந்திரிக்கக் கூடாது” என்றார் சங்கடத்துடன். “நீங்க எப்போ எழுந்திருப்பீங்க, நான் எப்போ வீட்டுக்குப் போறதுன்னு அஞ்சு மணியிலேர்ந்து உங்க முகத்தையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”