எட்டு அடியும் ஒன்பது விரிசலும்

பழைய கட்டடங்களை இடிப்பது என் பிழைப்பு. கை ஓய்ந்துபோனால், பிடிக்காதவனை நினைத்துக்கொண்டு அடிப்போம். நேற்று என் தங்கையின் வலது கையை அவள் புருஷன் உடைத்துவிட்டான். இன்று அவன் மண்டையை நினைத்துச் சம்மட்டியால் சுவரில் எட்டு அடி அடித்தேன்.

"சுவரு உனக்கு என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்று சிரித்தார் மேஸ்திரி.

"சுவரு இல்ல மேஸ்திரி, எங்க வீட்டு மாப்பிள்ளை."

மதியம் மாப்பிள்ளை மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மண்டையோட்டில் ஒன்பது விரிசல்கள். எல்லாமே முப்பது வருஷத்துக்கு முன்பு ஆறியவை என்றார் டாக்டர்.

அவன் அம்மா அழுதாள். "அஞ்சு வயசுல, பூட்டின ரூமுக்குள்ள ரத்தமாக் கிடந்தான். யாரோ ஒரு மாமா சம்மட்டியால அடிச்சாருன்னான். அப்புறம்தான் எல்லாரையும் அடிக்க ஆரம்பிச்சான்."

நான் அடித்தது எட்டுதான். வேலை இடத்துக்குத் திரும்பி வந்து சம்மட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் ஒரு அடி போட்டா சாஞ்சிடும்யா," என்றார் மேஸ்திரி.

அப்போது நர்ஸ் ஒருத்தி போன் செய்து, தங்கையின் காதில் வைத்தாள். "அண்ணே, கண்ணு முழிச்சிட்டாரு. என் இடது கையும் போச்சுண்ணே."

சம்மட்டியை ஓங்கினேன். சுவருக்குப் பின்னால் ஒரு குழந்தை, "வேணாம் மாமா," என்றது.

அடித்தேன்.