படகு நாகரிக வாரம்

"இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை ஒன்பதரை மணியிலிருந்து இந்த உப்பங்கழியில் நாகரிகம் அமலுக்கு வருகிறது."

படகுத் துறையின் ஒலிபெருக்கி அதை மூன்று முறை சொன்னது. இறால் பிடிப்போர், வலை வீசுவோர் பக்கத்தில் படகுகள் மெதுவாகப் போக வேண்டுமாம். அலை எழுப்பக் கூடாதாம். படகு நாகரிக வாரமாம்.

வாரம் என்றால் ஏழு நாள். எட்டாம் நாள் பற்றி ஒலிபெருக்கிக்குக் கருத்து எதுவும் இல்லை.

அவள் கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டிருந்தாள். வாயில் பறி.

பனை ஓலையில் முடைந்த கூடைதான் பறி. அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் சேற்றில் துழாவும். அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போட வேண்டும். வாயைத் திறந்தால் பறி சாயும். பறி சாய்ந்தால் இறால் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

ஆகவே நாகரிகத்தை வரவேற்று அவளால் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை.

பத்தடி தள்ளி அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. அவள் வாயிலும் பறி.

இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது நாள். இவள் வைத்த குழம்பில் புளி தூக்கல் என்று மூத்தவள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். தண்ணீருக்குள் இந்தச் சண்டைக்கு ஒரு வசதி உண்டு. பேசாமல் இருப்பது யாருக்கும் தெரியாது.

நேற்றும் முந்தாநாளும் காற்று சரியில்லை. வெறும் பறியோடு வீட்டுக்குப் போனாள். இன்று மூன்று மணி நேரத்தில் முக்கால் பறி. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கரையேறலாம்.

விசைப்படகு தெரிந்தது.

முன்னால் கொடி. நடுவில் மாலை. மாலைக்குள் உல்லாசப் படகுச் சங்கத்தின் தலைவர்.

அவள் வலது கையை உயர்த்தினாள்.

இந்தக் கழியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் இருக்கிறது, மோட்டாரைத் தணி. எந்த வாரமானாலும் அதுதான் அர்த்தம். எந்தச் சங்கமும் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததல்ல.

படகை ஓட்டுகிற கலியமூர்த்தி உள்ளூர்க்காரன். தணித்தான்.

சத்தம் இறங்கியது மூத்தவள் காதிலும் விழுந்தது. சத்தம் இறங்கிவிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. படகுக்கு முதுகைக் காட்டியபடி, படகு போகிற கால்வாயின் விளிம்புக்கு நகர்ந்தாள். அங்கே தரை சட்டென்று சரியும். சரிந்தால் கால் எட்டாது. காது நீருக்குள் போகும்வரை சாய்ந்து, சேற்றிலிருந்த ஒரு வளைக்குள் தோள்வரை கையை விட்டாள்.

"ஏன்யா நிறுத்துற?" தலைவரின் குரல்.

"ஆளுங்க இருக்காங்க சார். கை காட்டுறாங்க."

"அதத்தான்யா நானும் சொல்றேன்! ஜனங்க ஆசையா கை காட்டுது, நீ பாட்டுக்கு மோட்டார அமத்துற. ஒரு ரவுண்டு அடி. போட்டோக்காரரே, ரெடியா?"

"சார், அது அதுக்குக் காட்டுறது இல்ல..."

"நாகரிகத்தப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா? அடிய்யா!"

கலியமூர்த்தி அடித்தான்.

படகு வளைந்தது. தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவருக்குப் பின்னால் தண்ணீரும் எழுந்து நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் கிளம்பி வந்தது.

முதலில் மூத்தவளைத்தான் எட்டும். கை வளைக்குள். கால் விளிம்பில். முதுகுப் பக்கம் முழுக்க அலை.

இவள் 'ம்ம்' என்றாள். பறியைக் கவ்விய வாயிலிருந்து வருகிற 'ம்ம்' நாலடி போகும்.

தண்ணீரை ஓங்கித் தட்டினாள். மோட்டார் சத்தத்தில் அது எங்கே கேட்கும்.

ஒன்பது நாள் ரோஷமும் முக்கால் பறி இறாலும் ஒரே வாயில் இருந்தன.

திறந்தாள்.

"யக்கா! அலை!"

மூத்தவள் கையைப் பிடுங்கினாள். பக்கவாட்டில் திரும்பி ஒரு காலைச் சேற்றில் ஊன்றினாள். உள்ளங்கையால் பறியின் வாயைப் பொத்தினாள்.

அலை அவள் தலைமேல் ஏறி இறங்கியது. அடுத்து இவள் தலைமேல். மூக்கெல்லாம் உப்பு.

படகில் கைதட்டினார்கள். ஜனங்கள் எப்படிக் குரல் கொடுத்து வரவேற்கிறார்கள் பாருங்கள் என்று தலைவர் போட்டோக்காரரிடம் உருகுவது கேட்டது. அடுத்த ஊரையும் உருக வைக்கப் படகு போய்விட்டது. கலியமூர்த்தி மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

தண்ணீர் அடங்கச் சற்று நேரம் ஆனது.

அவளுடைய பறி கவிழ்ந்து மிதந்தது. நிமிர்த்தினாள். உள்ளே ஓர் இறால் மிச்சம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் துள்ளிப் போனது.

மூத்தவள் சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். முழங்கையில் சிப்பி கிழித்திருந்தது. பல்லில் கயிறு அப்படியே இருந்தது. பறியில் பாதிக்கு மேல் இறால்.

வெறும் பறியைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். தன் பறியை இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து பிடித்தாள். மூக்கிலிருந்து உப்புத் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

"அது ஒண்ணும் அவ்ளோ பெரிய அலை இல்ல" என்றாள்.