படம் இல்லாத பக்கம்

வெள்ளைச் சீலையை எடுத்துப்போட்டு, அதைச் சுத்தி வந்த பேப்பரைக் கசக்கி எறியப் போனன். பேப்பருக்கு நடுவிலை ஒரு ஓட்டை.

எலி அரிச்ச ஓட்டை இல்லை. குடையும் தொந்தியுமாய் நிக்கிற ஒரு மனிசன்ரை உருவத்திலை ஓட்டை.

வெளியிலை கார் வந்து நிண்டுது. முற்றம் நிறையச் சனம். தர்ப்பைப் புல்லாலை என்ரை மனிசனைச் செய்து எரிச்சு, கீரிமலைக் கடலிலை கரைச்சு, என்ரை தாலிக்கொடியைக் கழட்டுறதெண்டு எல்லாருமாய் முடிவெடுத்த நாள் அது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழிப் புயலிலை அவர் இந்தியாவுக்கு யாவாரத்துக்குப் போன வள்ளமும் போச்சு. பிரேதம் கரைக்கு வரேல்லை. பிரேதத்தைக் காட்டுங்கோ, கழட்டித் தாறன் எண்டு நான் அடம்பிடிச்சன். ஊர் என்னை விசரி எண்டுது.

கடைசியிலை அவரின்ரை தம்பி இளையதம்பிதான் கையெடுத்துக் கும்பிட்டவன். அக்கரையிலை தான் தேடாத இடமில்லை, இனி விடுங்கோ மச்சாள் எண்டு அழுதவன். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாதபடியால் வெள்ளைச் சீலையையும் அங்கையிருந்து அவனே வாங்கி வந்தவன்.

நான் போய் அவரின்ரை றங்குப்பெட்டியைத் திறந்தன்.

கண்டறியாத பெட்டி! ஊரிலை மற்ற ஆம்பிளையள் அக்கரையிலையிருந்து சீலை கொண்டருவினம், வேட்டி கொண்டருவினம். என்ரை மனிசன் பழைய சஞ்சிகை கொண்டருவார். கேலிப்படம், கதைக்குக் கீறின படம், எல்லாத்தையும் சவர பிளேட்டாலை வெட்டி எடுத்து அடுக்குவார். யாவாரத்துக்குப் போனவரோ, படம் பொறுக்கப் போனவரோ, ஆருக்குத் தெரியும்?

இஞ்சை பாரப்பா, கை எடுக்காமல் ஒரே இழுப்பிலை மாட்டைக் கீறியிருக்கிறான் எண்டு காட்டுவார். அந்த மாட்டுக்குக் கண் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள்ளை எவ்வளவு கவலை!

கிணத்தடியிலை ஒரு பெட்டை தலைமயிரை விரிச்சுப்போட்டு நிப்பாள். மயிர் முழுக்க ஒரே கறுப்பு மை. ஆனால் அது நனைஞ்ச தலை எண்டு பாத்தவுடனை தெரியும். எப்பிடித்தான் கீறினானோ.

படத்தைப் பாத்தால் பசி ஆறுமோ எண்டு ஏசுவன். ஏசிப்போட்டு நானும் பக்கத்திலை குந்திப் பாப்பன். அவர் இல்லாத மாதங்களிலை என்னை ஒருக்காலெண்டாலும் சிரிக்க வைச்சது உந்தப் பெட்டி மட்டுந்தான்.

பெட்டியிலை ஒரு படத்துக்கும் கீழை எழுத்து இல்லை. பகிடி கீறலுக்குள்ளை இருக்கவேணும், எழுத்து என்னத்துக்கு எண்டு அதைப் பேப்பரோடையே விட்டிடுவார். சதுரமாய் வெட்டவும் மாட்டார். ஆளின்ரை விளிம்பாலை பிளேட்டை ஓட்டி, கைக்கும் இடுப்புக்கும் நடுவிலை தெரியிற துண்டு வெள்ளையையும் வெட்டி எடுப்பார். வேறை எந்த விசரன் உப்பிடி மினைக்கெடுவான்?

கையிலை இருந்த பேப்பரை உதறினன். மடிப்புக்குள்ளையிருந்து நகமளவு முக்கோணத் துண்டு ஒண்டு விழுந்துது.

ஓட்டைக்குக் கீழை பகிடி அப்பிடியே கிடந்துது.

“அப்பா ஊரில் இல்லை என்று அப்பாவே சொல்லச் சொன்னார்.”

பக்கத்தின்ரை தலைப்பிலை புத்தாண்டு மலர் 1965 எண்டு இருந்துது. புயல் வந்தது அறுபத்துநாலு மார்கழியிலை. மலர் வந்தது சித்திரையிலை.

ஐயோ, என்ரை ராசா உயிரோடை இருக்கிறார்!

ஓடிப்போய் மாமியைக் கட்டிப்பிடிச்சுச் சொல்லவேணும் போலை கிடந்துது. ஐயர் வீட்டை போகட்டும். கார் திரும்பட்டும். கொடி என்ரை கழுத்திலையே கிடக்கட்டும். பேப்பரையும் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்திட்டன்.

வெளிச்சத்திலைதான் மற்றதைக் கண்டன்.

பிளேட் ஓடேக்கை பேப்பர் அசையக்கூடாது. ஓரத்தை ஒராள் அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும். இஞ்சை நான்தான் பிடிக்கிறனான். அடுப்பை விட்டிட்டு வந்து, பெருவிரலை ஊண்டி, மூச்சும் விடாமல் இருப்பன்.

நான் பிடிக்கிற அதே இடத்திலை ஒரு பெருவிரல் அடையாளம். மஞ்சள்.

என்ரை விரலை அதுக்குமேலை வைச்சுப் பாத்தன். அது என்ரையை விடச் சின்னன்.

அப்ப இளையதம்பி தேடினது பொய். இன்னொருத்தி சமைக்கிற அந்த வீட்டிலை இருந்து, சாப்பிட்டு, வரேக்கை கையிலை அகப்பட்ட பேப்பரிலை என்ரை சீலையைச் சுத்திக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்குப் பேப்பர் எண்டால் வெறும் பேப்பர்தானே.

கடல் கொண்டுபோயிருந்தால் கடலைத் திட்டலாம். நான் ஆரைத் திட்ட?

கெதியாய் வாங்கோ எண்டு சொல்ல இளையதம்பி வந்தவன். என்ரை கையிலை இருந்த ஓட்டைப் பேப்பரைக் கண்டான்.

கொடியைக் கழட்டுறது மற்றப் பொம்பிளையளின்ரை வேலை. அதுவும் தண்ணிக்கரையிலை. நான் அவன்ரை முகத்தைப் பாத்தபடி, என்ரை கையாலையே கழட்டினன்.

“இந்தா. அடுத்தமுறை அங்காலை போகேக்கை இதைக் கொண்ணையிட்டைக் குடு.”

எந்த அண்ணை எண்டு அவன் கேக்கேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு கையை நீட்டினவன்.

நான் வெள்ளைச் சீலையை உடுத்திக்கொண்டு போய்க் காரிலை ஏறினன்.

கீரிமலையிலை மாமியை விடப் பெலத்துக் குழறினது நான்தான்.