நிலை இடுக்கு

கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கைச் சபேசன் வெள்ளை சிலிகானால் அடைத்துக்கொண்டிருந்தார். நூல் பிடித்தாற்போல் இறங்கிய பசையை ஈர விரலால் வழித்துவிட்டார். எறும்பு வருகிறது என்று காரணம் சொன்னார். அவர் மனைவி வடிவு அங்கே எறும்பைப் பார்த்ததே இல்லை. அந்த இடுக்கில் குடியிருந்தது ஒரு பல்லி. யார் எதைச் சொல்லி முடித்ததும் அது சத்தம் கொடுத்தாலும், அவள் தரையில் மூன்று தட்டு தட்டி, சொன்னது நிஜம் என்று எடுத்துக்கொள்வாள். நேற்று மகளின் புகுந்த வீட்டுக்குப் போய்வந்தவர், "பாப்பா நல்லாத்தான் இருக்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் பல்லி வாய் திறக்கவில்லை. இன்று கடை திறந்ததும் போய் சிலிகான் வாங்கி வந்துவிட்டார்.

"பல்லிக்கு மூச்சு முட்டாதா?" என்றாள்.

"அது எப்பவோ வெளிய போயிருக்கும்."

மேலிருந்து கீழ்வரை ஒரு பிசிறில்லை. அடியில் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை பாக்கி இருந்தபோது டியூப் தீர்ந்துபோனது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை விரலால் பொத்திக்கொண்டார்.

வடிவு பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எம்பொண்ணை அங்க அடிக்கிறாங்க. நீங்க அதைப் பாத்துட்டும் விட்டுட்டு வந்துட்டீங்க."

தட்டுவதற்குத் தயாராக அவள் விரல்கள் மடங்கியிருந்தன. சபேசனின் விரல் நுனியை உள்ளேயிருந்து ஏதோ மெல்ல முட்டியது. அவர் இன்னும் அழுத்திப் பொத்தினார்.