கோதுமை ஆகாத மாப்பிள்ளை

“அடியே சபீனா, இந்தக் கறுப்புத் தண்ணிக்குள்ள எவன்டி கோதுமையைப் போட்டான்?”

சோயா சாஸ் பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கத்தினாள் ஒர்னெல்லா. பாட்டிலில் எழுத்தெல்லாம் எறும்பு அளவு. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்ததில் அந்தப் பாழாய்ப்போன சொல் கடைசியில் அகப்பட்டுவிட்டது.

“அதான் வேற பாட்டில் வாங்கி வெச்சிருக்கேனேம்மா” என்றாள் மகள். “தென்னம்பாளையில இறக்கின சாறைப் புளிக்க வெச்சுச் செஞ்சது. சோயா மாதிரியே இருக்கும், கோதுமை கிடையாது.”

“தென்னை மரமா! இந்த அங்கோனாத் துறைமுகத்துல எவன் தென்னை மரத்தைக் கண்டான்? நம்ம கடல் இறாலுக்குப் பூண்டு, பார்ஸ்லி இலை, ரெண்டு சொட்டு வெள்ளை ஒயின் போதாதா?”

“அவருக்கு இப்படித்தான் பிடிக்கும். கப்பல்ல வேலை பார்த்தப்போ பழகினது.”

அவர் என்றால் ஃபுல்வியோ. சபீனாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். வாங்கிய வீட்டில் இன்னும் பூச்சு வேலை முடியாததால், மூன்று வாரமாக இவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறான். வந்த அன்றைக்கே சபீனா அம்மாவைத் தனியாக அழைத்துக் காதைக் கடித்துவிட்டாள். “அவருக்குக் கோதுமை ஆகாதும்மா. ஒரு துளி உள்ளே போனாலும் படுத்துடுவார்.”

அவ்வளவுதான். ஒர்னெல்லாவுக்குத் தூக்கம் போயிற்று. தன் கையால் சாப்பிட்டு மருமகப்பிள்ளை படுத்துவிட்டான் என்றால் சம்பந்திகள் என்ன பேசுவார்கள்? கல்யாணம் என்ன ஆகும்? மாவு மூட்டை தங்கை வீட்டுக்குப் போயிற்று. ஞாயிறுதோறும் பாஸ்தா தேய்க்கிற பெரிய பலகை கொட்டகைக்குப் போயிற்று. கரண்டியெல்லாம் புதுசு. தனிப் பானை வைத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றில் தெறித்துவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல். முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சுருண்டு படுக்கிறவளுக்கு இப்போது பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவவே பொழுது சரியாக இருந்தது.

“மக்காச்சோளக் களி தின்னு தின்னு நான் கோழியாவே ஆயிட்டேன்” என்றார் அவள் கணவர் அத்திலியோ, வாசற்படியில் நின்றபடி. “இன்னும் ரெண்டு நாள் போனா முட்டை போட்டாலும் போடுவேன்.”

“போடு. அதையாவது கோதுமை இல்லாம போடு” என்றாள் ஒர்னெல்லா.

சபீனா இறாலைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தாள். “வாணலி நல்லாப் புகையணும்மா. அப்பதான் இறால் வறுபடும். இல்லேன்னா தண்ணி விட்டு வெந்துடும்.”

“வீடே புகையுதுடி! இது சமையலா, தீ விபத்தா?”

“பேசாம கிளறு. பூண்டு, இஞ்சி… இப்போ குடைமிளகாய்… கிளறும்மா!”

“கிளறிக்கிட்டுத்தானே இருக்கேன்! எனக்கென்ன நாலு கையா?”

“போதும், போதும். இப்போ அந்தச் சாறை ஊத்து. முதல்லயே ஊத்தினா இனிப்பு கருகிடும்.”

சொய்யென்று ஒரு சத்தம். அதோடு அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டாள் மகள். ஒர்னெல்லா வாணலியையே வெறித்துப் பார்த்தாள். ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்கா காலையிலிருந்து இத்தனை கூத்து?

ஆனால் மேசையில் எல்லாரும் தட்டின் மேலேயே குனிந்திருந்தார்கள். கரண்டிச் சத்தம் மட்டுந்தான். ஃபுல்வியோ இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். சோறும் இறாலும் தீர்ந்து, தட்டில் பூண்டு மணக்கும் கருஞ்சாறு மட்டும் பளபளவென்று நின்றது.

அந்த நேரம் பார்த்து அத்திலியோ மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு பாதி ரொட்டியைத் திருட்டுத்தனமாக உருவி தட்டுக்குப் பின்னால் மறைத்துவைத்துப் பிய்த்தார். தட்டில் சாறும், எட்டுகிற தூரத்தில் ரொட்டியும் இருந்தால் அந்த ஊரில் எவன் கை அவன் பேச்சைக் கேட்கும்? ஃபுல்வியோவின் கை நீண்டது. ஒரு துண்டைப் பிடுங்கியது. தட்டை வழித்தது. வாய்க்குள் போயிற்று.

“மாதாவே! துப்பு, தம்பி, துப்பு!” ஒர்னெல்லா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அத்திலியோ, வண்டியை எடு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

ஃபுல்வியோ காது வரை சிவந்துபோய் விழுங்கினான். “அத்தை… எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஆகாதுன்னா?”

“துறைமுகத்துல தினமும் ரெண்டு ரொட்டி தின்னுட்டுத்தான் வர்றேன்.”

ஒர்னெல்லா இடுப்பில் கை வைத்து மகள் பக்கம் திரும்பினாள். “மூணு வாரம்! என் பலகை கொட்டகையில பூசணம் பிடிக்குது! உங்கப்பா கோழியாயிட்டார்! எதுக்குடி இந்தப் பொய்?”

சபீனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கோதுமை ஆகாதுன்னு டாக்டர் சொன்னது நிஜம்தாம்மா. போன வருஷம், உனக்கு. ‘எனக்கு மாவு ஆகாதுன்னு சொல்றவன் டாக்டரே இல்ல’ன்னு நீதான் எழுந்து வந்துட்டே. உனக்காக நீ ஒரு கரண்டியைக்கூட மாத்த மாட்டே. விருந்தாளிக்குன்னா வீட்டையே மாத்துவே. இப்போ சொல்லு, இந்த மூணு வாரத்துல ஒரு ராத்திரியாவது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தியா?”

ஒர்னெல்லா மெதுவாக உட்கார்ந்து, கணவர் பிய்த்துப் போட்டிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தன் தட்டிலிருந்து தூரத் தள்ளினாள்.